ஜன்னலைப் பூட்டிய வேர்

அத்தியாயம் ஏழு

ஒருத்தியைக் கொலைகாரி என்று ஊர் முடிவு கட்ட ரத்தக்கறை எல்லாம் தேவையில்லை. புருஷன் செத்தபோது அவள் அழவில்லை என்றால் போதும்.

தையல்காரம்மா அழவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், வீட்டின் பின்பக்கம் கல் பாவிய முற்றத்தில் விழுந்து செத்தார். கீழே யாரோ கத்துகிற சத்தம் கேட்டு இந்த அம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே இறங்கி வந்தார். பார்த்தார். "கல்லு சுடும், நிழல்ல படுக்க வைங்க" என்றார். அவ்வளவுதான். கணவரின் அண்ணனோ மார்பில் அடித்துக்கொண்டு தெருக்கோடி வரை கேட்கும்படி அழுதார். இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதே மனசுக்குள் வழக்கை முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த அண்ணன் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். வீடு அவருடையது; அவர் கீழே, தம்பி குடும்பம் மேல்மாடியில். அவர் கொடுத்த வாக்குமூலம் இது: "நான் முற்றத்துல நின்னுட்டிருந்தேன். மேல அடுப்படி ஜன்னல் திறந்திருந்துச்சு. தம்பி அதுல சாஞ்சு நின்னான். பின்னாடி இருந்து இவ ரெண்டு கையும் வந்துச்சு."

அந்த ஜன்னலுக்கு நேர் மேலேதான் மொட்டை மாடியின் விளிம்பு. எங்கிருந்து விழுந்தாலும் ஆள் வந்து சேரும் இடம் ஒன்றுதான். தையல்காரம்மா தான் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்ததாகவும், கணவர் மாடியில் செடி வேலை பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார். சாட்சி யாரும் இல்லை. தையல் மிஷினுக்கு வாய் கிடையாது.

நேற்று அவர் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லாரும் நான்தான் தள்ளினேன்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே மரத்துப்போச்சு. நீங்க வந்து பார்த்துட்டு, நான் தள்ளினேனா இல்லையான்னு சொல்லுங்க."

எத்தனையோ பேர் எங்களிடம் வந்திருக்கிறார்கள். தன்னையே துப்பறியச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான்.

எங்கள் சாரை ஊரில் ஆந்தை என்பார்கள். கண் பெரிது, பேச்சு சிறிது. பாக்கிப் பேச்சைப் பேசத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார். என்னை வாயாடி என்று கூப்பிடுவார், நான் கோபித்துக்கொள்வதில்லை.

இன்ஸ்பெக்டர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

இன்று மதியம் அந்த அடுப்படியில் நுழைந்ததுமே எனக்கு வேர்த்துக் கொட்டியது. சின்ன அறை. ஒரே ஜன்னல், கம்பி இல்லாதது, உள்பக்கமாகத் திறக்கும் இரண்டு மரக்கதவு. இரண்டும் சாத்தியிருந்தன. இடது சட்டத்தில் ஒரு மரப்பட்டையை ஆணியடித்து, அதன் மேல் ஒரு செடியைக் கட்டியிருந்தார்கள். தடித்த இலை நாலைந்து. அதிலிருந்து சாம்பல் வெள்ளையாக ஒன்று நீண்டு, சட்டத்தைத் தாண்டி, இடுக்கைத் தாண்டி, கதவின் மேல் ஏறி, அதன் நடுப்பகுதி வரை போயிருந்தது.

"என்னக்கா இது, பெரிய புழு மாதிரி?"

"வேர்" என்றார் தையல்காரம்மா.

"வேரா? மண்ணுக்குள்ள போகாம ஜன்னல்ல என்ன பண்ணுது, வேடிக்கை பார்க்குதா?"

"இதுக்கு மண்ணே ஆகாது. ஆர்க்கிட். மரத்து மேல தொத்திக்கிட்டு வாழும்." துணி அளவைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பித்தார். "மரத்துக்கிட்ட இருந்து எதையும் எடுத்துக்காது. இடம் மட்டும்தான் கேக்கும். மழைத்தண்ணி, பனி, காத்துல இருக்கிற ஈரம், மேல விழுந்து மக்குற இலை, தூசி, இதுதான் சாப்பாடு. பிடிச்சுக்கவும் இந்த வேர்தான், குடிக்கவும் இந்த வேர்தான். சுத்தி வெள்ளையா ஒரு உறை இருக்கு பாருங்க, பஞ்சு மாதிரி. ஈரம் பட்டா சட்டுனு உறிஞ்சி வெச்சுக்கும். அப்போ உள்ள இருக்கிற பச்சை வெளிய தெரியும். காஞ்சா மறுபடி வெள்ளையாயிடும்."

"நனைஞ்சா எல்லா வேரும் பச்சையாகுமா?" என்றார் சார். இன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம்.

"உயிர் இருந்தா ஆகும். அவர் சொல்லுவாரு."

"அடுப்படியில எதுக்குக்கா இதை வெச்சாரு?"

"சமைச்சா ஆவி வருமே. அதுக்கு ஆவி பிடிக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்குப் புழுங்கும்." கொஞ்ச நேரம் அந்த வேரையே பார்த்தார். "போன வருஷம் இது கதவைத் தொட்டுச்சு. அன்னியில இருந்து ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னுட்டாரு. திறந்தா வேர் அறுந்துடுமாம்."

ஒரு வேருக்காக ஒரு வருஷம் ஜன்னலைச் சாத்தி வைத்து, பெண்டாட்டியை வேகவைத்த மனிதர். உயிரோடு இருந்திருந்தால் நானே தள்ளியிருப்பேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சாரின் பெரிய கண் என் பக்கம் திரும்பியதும் விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க திறந்தீங்களாம்மா?" என்று கேட்டார் சார்.

"அவர் இருந்த வரைக்கும் இல்ல."

எனக்கு அந்தப் பதிலில் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதி விழாததற்குக் காரணம், என் மண்டையில் அப்போதே பட்டாசு வெடித்துவிட்டது.

"சார்! வேர் சட்டத்துல இருந்து கதவுக்குப் போயிருக்கு. ஒரு வருஷமா ஒட்டிக்கிட்டிருக்கு. ஜன்னலைத் திறந்திருந்தா இது அறுந்திருக்கணும். அறுகலை. அப்போ சிமெண்ட்காரர் பார்த்த திறந்த ஜன்னல் எங்க இருந்து வந்துச்சு? கடையில மூட்டை கட்டி வெச்சிருந்தாரா?"

சார் ஜன்னல் திண்டில் இருந்த ஒரு சின்னத் தெளிப்பு பாட்டிலை எடுத்துப் பார்த்தார். பாதி தண்ணீர் இருந்தது. வைத்துவிட்டார்.

"இன்ஸ்பெக்டரை வரச் சொல்லு. பெரியவரையும் மேல கூப்பிடு" என்றார்.

சிமெண்ட்காரர் பெருமூச்சு விட்டபடி படியேறி வந்தார். "எனக்கு மூட்டு வலி. இந்தப் படி ஏறியே பல மாசம் ஆச்சு. மொட்டை மாடிப் பக்கம் போய் வருஷமே ஆச்சு." அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வீடா இது, காடு! என் மேல ஒட்டிக்கிட்டு வாழ்ந்தது போதாதுன்னு, ஒட்டிக்கிட்டு வாழற செடியாப் பார்த்துச் சேர்த்து வெச்சிருந்தான். புல்லுருவிங்க!"

"புல்லுருவி மரத்துச் சாரை உறிஞ்சும், பெரியத்தான். இது உறிஞ்சாது" என்றார் தையல்காரம்மா. சண்டைக்காகச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னதைத் திருத்தினார், அவ்வளவுதான். "வாடகையும் அவர் மாசம் தவறாம உங்க கையிலதான் கொடுத்தாரு."

இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தை நான் விளக்கினேன். கை வீசி, கண் உருட்டி, சொந்தக் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. அவர் தாடையைச் சொறிந்தபடி கேட்டார்.

"சரி, காட்டுங்க."

நான் பாட்டிலை எடுத்துச் செடியின் பக்கத்திலிருந்து தெளித்துக்கொண்டே போனேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாம்பல் வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து, உள்ளிருந்து பச்சை எழுந்து வந்தது. சட்டத்தின் மேல் பச்சை ஓடியது. இடுக்கை நெருங்கியது. இடுக்கைத் தொட்டது.

அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடி தெளித்தேன். இன்னும் தெளித்தேன். கதவின் மேல் இருந்த வேர் நனைந்தது, கறுத்தது, ஊறிய காகிதம் மாதிரி ஆனது. பச்சை மட்டும் வரவில்லை. சார் குனிந்து நகத்தால் இடுக்கை லேசாகச் சுரண்டினார். கோந்து. தையல்காரி விரலால் மட்டுமே அவ்வளவு சுத்தமாக ஒட்ட முடியும். ஒட்டு விட்டுப்போய், கதவுப் பக்கத்து வேரின் முனை தனியாகப் பிரிந்தது.

"ஆக," என்றார் இன்ஸ்பெக்டர், "ஜன்னல் திறந்திருக்கு."

"நான்தான் சொன்னேனே!" சிமெண்ட்காரர் குரல் கணீரென்று கேட்டது. மூட்டு வலியைக் காணோம்.

எங்கள் கட்சிக்காரரின் கழுத்துக்கு நானே சுருக்குப் போட்டு, நானே தண்ணீர் தெளித்து இறுக்கியிருந்தேன்.

"ஏம்மா, இதுக்கு என்ன சொல்றே?"

"திறந்தேன்" என்றார் தையல்காரம்மா. "அவரைக் கொண்டுபோன மறுநாள் காலையில. வேணாம்னு சொல்ல ஆள் இல்லையேன்னு தோணிச்சு, திறந்துட்டேன். டப்புனு அறுந்துச்சு. காத்து வந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. சாத்திட்டு ஒட்டி வெச்சேன்."

"மறுநாள்னு யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல."

"அறுந்த வேர் தேதி சொல்லாது" என்று கையை விரித்தார் இன்ஸ்பெக்டர். "கிளம்பும்மா."

தையல்காரம்மா கிளம்பிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைக்குப் போகிற மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செருப்பைத் தேடினார். கத்தியிருந்தால், காலில் விழுந்திருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சார் காதருகில் போனேன். "சார், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"'அவர் இருந்த வரைக்கும்'னு சொன்னாங்களே. நீ எங்க கேட்டே? அவங்க வாயாலேயே இது இன்னிக்கு வெளிய வந்தது நல்லது. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா முடிஞ்சது கதை." பிறகு சத்தமாக, "இன்ஸ்பெக்டர், மொட்டை மாடிச் சாவி உங்ககிட்டதானே?"

"அன்னிக்கு மத்தியானமே பூட்டி எடுத்துட்டுப் போயிட்டோம். மேல செடிங்கதான். வேற ஒண்ணும் இல்ல."

"அந்தச் செடிங்களைத்தான் பார்க்கணும். பெரியவரும் வரட்டும்."

மாடியில் பச்சை வலைப் பந்தல். அதன் கீழே கம்பிகளில் வரிசையாக மரத்துண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு செடி. மூன்று வாரமாக யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. இலைகள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. வெள்ளை வேர்கள் மரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சில வேர்கள் வெறும் காற்றில் கையை நீட்டிக்கொண்டு, ராத்திரிப் பனியில் காலம் தள்ளியிருந்தன. என் வீட்டில் தினமும் தண்ணீர் ஊற்றும் ரோஜா ஒரு மாதம் தாண்டாது.

ஒரு கொக்கி மட்டும் காலியாக இருந்தது. சார் அதைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டாக உடைந்த ஒரு மரத்துண்டு கிடந்தது. விளிம்பு ஓரத்தில், தண்ணீர்த் தொட்டியின் கசிவில் ஈரமாகவே இருந்த ஒரு மிளகாய்ச் செடித் தொட்டி. அதில் மிளகாய்ச் செடிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆர்க்கிட், கழுத்து வரை மண்ணில் புதைந்து, இலையெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. சுற்றி மண்ணை நன்றாக அழுத்தி விட்டிருந்தார்கள்.

சார் அதைப் பிடித்து லேசாகத் தூக்கினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. வேரெல்லாம் கறுத்து, கூழாகி, நாறியது. அந்தக் கூழைச் சுற்றி ஒரு கத்தரிப்பூ நிற நூல்.

"இந்த நூல் யாருதும்மா?"

தையல்காரம்மா பார்த்தார். "என்னோடது. சட்டைக்கு வெச்சிருந்தேன். அன்னிக்குக் காலையில வந்து கேட்டாரு. வேர் தானா மரத்தைப் பிடிக்கிற வரைக்கும் நூலால கட்டி வெப்பாரு. இந்தச் செடியைக் கட்டினாரு. மேல கொண்டு போனாரு."

"மரத்துல கட்டினவர் ஏன் மண்ணுல நட்டாரு?"

"அவரா?" அந்த முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "அவர் நட மாட்டாரு. கல்யாணமான புதுசுல, பாவம் வேரெல்லாம் வெளிய கிடக்கேன்னு நான் ஒண்ணை மண்ணுல நட்டுட்டேன். மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. இதுக்கு வேருலயும் காத்து படணும். அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்ல. அப்புறம் நானும் நட்டதில்ல."

சார் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "காலையில மரத்துல இருந்த செடி. மத்தியானம் நீங்க மாடியைப் பூட்டறப்போ மண்ணுல இருந்திருக்கு. நடுவுல ஒருத்தர் இங்க வந்திருக்கார். இந்தச் செடியைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர்."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. ஈவு இரக்கம் இல்லாத ஆள்னு சொல்றேன். மனுஷனை மட்டும் இல்ல, வாயில்லாத இந்தச் செடியையும் வேணும்னே கழுத்து வரைக்கும் புதைச்சுக் கொன்னுருக்கான்."

"கொல்லல!" என்றார் சிமெண்ட்காரர். "கீழ விழுந்து கிடந்துச்சு. வேரெல்லாம் வெளிய தெரிஞ்சுச்சு. காப்பாத்தத்தான் மண்ணு போட்டு..."

நிறுத்திக்கொண்டார். மாடியில் வலை மட்டும் காற்றில் படபடத்தது. என்னிடம் நல்ல நல்ல கிண்டல் நாலு இருந்தது. ஒன்றைக்கூட எடுக்க மனசு வரவில்லை.

அவர் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்தார். தெருவுக்கே கேட்கும்படி அழுத குரல் இப்போது பக்கத்திலிருந்த எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என் சுவர்ல தண்ணி கசியுது, இதையெல்லாம் எடுத்து எறிடான்னு சொன்னேன். கேக்கல. நானே ஒண்ணைப் பிடுங்கி வீசப் போனேன். பாய்ஞ்சு வந்து பிடிச்சான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கட்டை உடைஞ்சுபோச்சு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "விழறப்போ கை எட்டற தூரத்துலதான் நான் நின்னேன். அவன் என்னைப் பிடிக்கல. செடியைத்தான் பிடிக்கப் பார்த்தான்."

"அப்புறம்?"

"எட்டிப் பார்த்தேன். அசையல. இந்தச் செடி காலடியில கிடந்துச்சு. எனக்கு அப்போ வேற எதுவுமே தோணல சார். இதையாவது சரி பண்ணிடலாம்னு மட்டும் தோணிச்சு. நட்டேன். அழுத்தி விட்டேன். அப்புறம்தான் கீழ போய்க் கத்தினேன்."

"ஜன்னல் கதை?"

"இவ அழலையே. எல்லாரும் இவளைத்தானே பார்த்தாங்க. நானும் அப்படியே சொல்லிட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். தம்பி விழுந்தது கைகலப்பில் நடந்த விபத்தாக இருக்கலாம். அதற்கு அப்புறம் மூன்று வாரம் ஒரு பெண்ணைத் தூக்குமேடை வரை நடக்கவிட்டது எந்தக் கைகலப்பிலும் சேராது. இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கினார். படியில் அந்த மூட்டு வலி உண்மையாகவே திரும்பியிருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அடுப்படிக்கு வந்தோம். கழுத்துச் சுருக்கு கழன்ற ஆள் எப்படி இருப்பார் என்று நினைத்தேனோ, தையல்காரம்மா அப்படி எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றினார். தெளிப்பு பாட்டிலை எடுத்தார். கோந்து விட்டு முனை பிரிந்திருந்த அந்தக் கதவுப் பக்கத்து வேருக்கு மெல்லத் தண்ணீர் அடித்தார்.

"தினமும் அடிக்கிறீங்களா?" என்றார் சார்.

"காலையில அடிப்பேன். அந்தப் பக்கத்துல செடி இருக்கு, அது பார்த்துக்கும். இந்தத் துண்டுக்கு யாரு இருக்கா? வேர்தானே, அதுவா குடிச்சுக்குமேன்னு..." பாதியில் நிறுத்தினார். "பச்சையாகவே மாட்டேங்குது. இன்னும் அடிக்கணுமா?"

சார் பாட்டிலை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா. அது குடிச்சுச் செடிக்குத்தான் அனுப்பும். செடியை விட்டுப் பிரிஞ்சப்புறம் அதால தனியா இருக்க முடியாது. அறுந்த அன்னியோட அது முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சா" என்றார் அவர்.

கதவிலிருந்து அந்தத் துண்டைப் பிரித்தெடுத்தார். ஒரு வருஷப் பிடி; செத்தும் சுலபத்தில் விடவில்லை, பெயின்டையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இரண்டு கதவையும் விரியத் திறந்தார். அந்தப் புழுக்கத்துக்குள் காற்று குபுகுபுவென்று நுழைந்தது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது.

"வாயாடி, இங்க பாரு" என்றார் சார்.

சட்டத்தில் வேர் அறுந்த முனைக்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில், பச்சையாக ஒரு முனை வெளியே வந்திருந்தது. பென்சில் முனை அளவுதான். ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது.

தையல்காரம்மா கிட்டே வந்து குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"புதுசு விடுது" என்றார். "இது எங்க போகும்?"

"பிடி கிடைக்கிற இடத்துக்கு" என்றார் சார்.

அவர் நிமிர்ந்து, ஒரு கதவைச் சாத்தினார். அப்புறம் இன்னொன்றையும் சாத்தினார். சத்தமே வராமல், தூங்குகிற பிள்ளை இருக்கும் அறையைச் சாத்துவதுபோல. தாழ்ப்பாளையும் போட்டார்.

"அக்கா, மறுபடியும் புழுங்குமே!"

"புழுங்கட்டும்" என்றார் தையல்காரம்மா.

அந்தச் சொல்லை முடிக்கும்போது அவர் குரல் உடைந்தது. ஜன்னல் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, கையில் அந்தச் செத்த வேரோடு, மூன்று வாரத்துக்கு அப்புறம் அவர் அழ ஆரம்பித்தார். சார் என் தோளைத் தொட்டார். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம்.